ஜவ்வரிசி மேல் சைக்கிள்

மார்கழி அதிகாலை, மணி ஐந்தேகால். ஏற்காடு அடிவாரத்தில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. நானும் அக்கா மகனும் சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தோம். கடைக்காரர் துண்டை முண்டாசாகக் கட்டிக் காதை நன்றாக மூடியிருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே, "இந்தப் பனியில மேல போவணுமாங்க? வெயில் வந்தப்புறம் போனா ஆவாதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்லாந்தில் ஓவுலு என்ற ஊரில் நான்கு குளிர்காலம் சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறேன். மைனஸ் 24 டிகிரி காட்டிய காலையில்கூட ஏன் இப்போது போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் கேட்டது வேறு: "அந்த டயரிலா?"

பனி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை விஷயத்தைச் சமாளிக்கிறோம் என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. புல்நுனியில் நிற்பதும் பனி, எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி, பஞ்சு பஞ்சாக வானத்திலிருந்து விழுவதும் பனி. ஆறு பெரும்பொழுதில் இரண்டை இதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இரண்டிலும் தரை வெள்ளையாவதில்லை. ஊட்டியில் புல்வெளி வெளுத்தால்தான் செய்தித்தாள்காரர்கள் 'உறைபனி' என்று ஒரு அடைமொழி சேர்ப்பார்கள். நான் ஓவுலுவிலிருந்து போன் பண்ணி, "அம்மா, இங்க பனி கொட்டுது" என்று சொன்னபோது அம்மாவிடமிருந்து வந்த பதில்: "காதுல பஞ்சு வெச்சுக்க கண்ணு."

சேலத்துக்காரனுக்கு வெள்ளைத் தரை முற்றிலும் புதிதும் அல்ல. கோரிமேட்டைத் தாண்டி ஏற்காட்டை நோக்கிப் போகும்போது மேற்கே வெளுத்துத் தெரியும் மேடுகள் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மேக்னசைட். உலைகளுக்குள் அடுக்கும் செங்கல்லுக்கு இதுதான் மூலப்பொருள். வெள்ளைக்காரன் இதைச் சுண்ணாம்பு என்று நினைத்தானோ என்னவோ, 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அந்த மேடுகளைப் பார்த்து, காலண்டரில் இருக்கும் இமயமலை இதுதான் என்று நம்பியிருந்தேன்.

இன்னொரு வெள்ளை, ஆத்தூர் பக்கம் பெரியமாமா வேலை பார்த்த சேகோ ஆலை. குச்சிக்கிழங்கை அரைத்து, மாவு எடுத்து, உருட்டி, வறுத்து, சிமெண்ட் களத்தில் ஜவ்வரிசியைக் காயப்போட்டிருப்பார்கள். கண் கூசும். பெரியவர்கள் அசந்த நேரத்தில் அதன் ஓரத்தில் ஓடிப்போய்ச் சறுக்குவோம். காய்ந்த ஜவ்வரிசி மேல் ஓடினால் கால் தனியாகவும் உடம்பு தனியாகவும் போகும். மாமா அடித்தது வழுக்கி விழுந்ததற்காக அல்ல, சரக்கை மிதித்ததற்காக. ஓவுலுவில் முதல் நவம்பரில் சின்னச் சின்ன உருண்டையாக, ஜவ்வரிசி மாதிரியே ஒரு பனி விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதன் மேல் எப்படி ஓட்டப்போகிறோம் என்று யோசித்த அந்த நிமிஷத்தில் பெரியமாமாவின் கைதான் நினைவுக்கு வந்தது.

என் சைக்கிள் ரோடு பைக். இந்தப் பெயரே நம்மூரில் வில்லங்கம். பைக் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்து பெட்ரோல் டேங்கைத் தேடினார்கள். வளைந்த ஹேண்டில்பார், விரல் அகலத்துக்கு டயர், அதில் நூறு பி.எஸ்.ஐ. காற்று, மட்கார்டு கிடையாது. காய்ந்த தாரில் வேகமாகப் போக மட்டுமே பிறந்தது. ஆகஸ்டில் ஓவுலுவில் பழசாக ஒன்று வாங்கினேன். அலுவலகத்தில் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, குளிர்காலத்துக்கு எது?" என்று கேட்டார். ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கியவன் நான். இவர் சமதரை ஊர்க்காரர், இவருக்கென்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை, நல்லவேளை.

ஓவுலு ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே, 65 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் மூன்றரை மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில், மைனஸ் இருபதில், சைக்கிளில் போவார்கள். குளிர்காலச் சைக்கிளுக்கென்று ஒரு சர்வதேச மாநாட்டை 2013-இல் முதன்முதலாக நடத்திய ஊர் அது. ரகசியம் பிள்ளைகளின் வீரத்தில் இல்லை, பாதையில் இருக்கிறது. சைக்கிள் பாதை கார் ரோட்டை விட்டுத் தனியாக ஓடும். பனி விழுந்தால் ஆள் எழுந்திருப்பதற்குள் இயந்திரம் வந்து தள்ளி, அமுக்கி, மேலே பொடி ஜல்லி தூவிவிட்டுப் போயிருக்கும். உப்புப் போடுவதில்லை. கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது, அரைகுறையாக உருகிக் குழம்பாக்கிவிடும். இறுகிய பனிமேல் ஜல்லி கடித்துக்கொண்டு நிற்கும் பாதையில் ஓட்டுவது, சத்தியமாகச் சொல்கிறேன், நம்மூர்ப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெருவில் ஓட்டுவதைவிடச் சுகம்.

அப்படியானால் எங்கே விழுந்தேன்? பனியே தெரியாத இடத்தில்.

நவம்பர் தொடக்கம். பாதையில் வெள்ளை எங்கேயும் இல்லை. ஆற்றுப் பாலம் ஒன்றில் ஏறினேன். பாலம் மட்டும் கொஞ்சம் ஈரமாக, கறுப்பாக மினுமினுத்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்தேன். எதிரே ஒரு பாட்டி வந்ததால் லேசாக முன் பிரேக்கைத் தொட்டேன். அதற்கடுத்து எனக்குத் தெரிந்தது என் இடுப்பெலும்பின் சத்தம். ஏற்காட்டில் சறுக்கும்போது ஒரு நொடியாவது 'போச்சுடா' என்று நினைக்க அவகாசம் கிடைக்கும். இங்கே அது இல்லை. உட்கார்ந்திருந்தேன், படுத்திருந்தேன், நடுவில் எதுவும் கிடையாது. மற்ற இடத்தில் மண்ணிலிருந்து தரைக்குக் கொஞ்சம் சூடு கிடைக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் காற்று. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் உறையும். தார் நிறமே தெரியும்படி கண்ணாடி போல மெல்லிசாக உறைவதால் அதைக் கறுப்பு ஐஸ் என்கிறார்கள்.

அந்தப் பாட்டி நிதானமாக வந்து, என்னைத் தூக்கிவிட்டு, ஒரே ஒரு சொல் சொன்னார்: "பேக்கல்லோகெலி." அலுவலகத்தில் அர்த்தம் கேட்டேன். மண்டையோட்டு வானிலை. நாம் பனி என்ற ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் வழுக்கி மண்டை உடையும் நாளுக்கென்றே தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பது கேட்க எளிதான கேள்வி. அதன் மேற்பரப்பில் எப்போதும் தண்ணீர் மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே சொன்னார். விஞ்ஞானிகள் இன்னமும் அதைப்பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிள்காரனுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அந்த ஈரம் அதிகம், அதனால் வழுக்கலும் அதிகம். குளிர் ஏற ஏற ஐஸ் காய்ந்து, டயருக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுக்கும். மைனஸ் இருபதில் பனி நறநறவென்று சத்தம் போடும், கல்லுப்பைச் செருப்புக்காலால் மிதித்த மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாக ஓட்டலாம். சத்தம் நின்றுபோய், காற்றில் லேசாக வெதுவெதுப்பு வந்து, உடம்புக்கு இதமாக இருக்கிறதே என்று தோன்றினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். குளிர் குறைந்தால் ஆபத்துக் கூடும் என்பதை என் சேலத்து மூளை ஏற்றுக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்தது.

காய்ந்த தாரில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிளை 3 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். ஈர ஐஸில் அதே வேகத்துக்கு 15 மீட்டர் தாண்டிவிடும். அதுவும் நேராக வந்தால்தான். திரும்பும்போது சாய்ந்தால் கணக்கே கிடையாது. அதனால் ஐஸ் மேல் செய்யக்கூடியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். பெடலைச் சீராக மிதிக்கலாம், அல்லது விட்டுவிடலாம். ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல், சாயாமல், தோளைத் தளர்த்தி, அந்த இடத்தைக் கடந்து போக விடுவது. படித்தால் எளிது. கை கேட்க வேண்டுமே! பயந்த கை தானாகப் போய்ப் பிரேக்கைப் பிடிக்கும்.

கறுப்பு ஐஸை விட்டால் எனக்குப் பிடிக்காதது, பகலில் கொஞ்சம் உருகி ராத்திரி உறைந்த பாதை. நம்மூரில் மழைச் சேற்றில் மாட்டுவண்டித் தடம் பதிந்து, வெயிலில் காய்ந்து கல்லாகுமே, அப்படி. எல்லாருடைய காலடியும் டயர்த்தடமும் ஐஸில் அச்சாகி நிற்கும். விரல் அகல டயர் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் ரயில் தண்டவாளத்தில் மாட்டிய மாதிரி. தண்டவாளம் வளைகிற பக்கம்தான் நீங்களும் போக வேண்டும். என் இரண்டாவது விழுதல் அங்கே. மூன்றாவது கார் ரோட்டோரத்தில், நாட்டுச்சர்க்கரை நிறத்தில், நாட்டுச்சர்க்கரை போலவே பொலபொலவென்று குவிந்திருந்த அழுக்குப் பனியில். முன்சக்கரம் அதில் புதைந்தது, நான் புதையவில்லை.

புதுப் பனி, ஐந்து சென்டிமீட்டர் வரை, சும்மா மாவு மாதிரி. அதில் விழுந்தாலும் வலிக்காது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது விழுதலுக்கு அப்புறம் ஆணி டயர் தேடினேன். ரப்பரில் வரிசையாகக் குட்டி உலோக ஆணிகள் பதித்திருக்கும், முனையில் டங்ஸ்டன் கார்பைடு. டயரைப் பொறுத்து நூறு, இருநூறுக்கு மேல்கூட. குளிர்கால டயரே பின்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்ததுதான். நோக்கியா என்ற ஊரில் இருந்த டயர் கம்பெனி 1934-இல் லாரிக்காகச் செய்தது. (அந்த ஊரின் பெயரில்தான் பிறகு போனும் வந்தது.) கடைக்காரர் என் ரோடு பைக்கைக் குனிந்து பார்த்தார். ஒரு காசைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைத்துக் காட்டினார். அவ்வளவுதான் இடம். ஆணி டயரில் மெலிந்ததே 30 மில்லிமீட்டர். என் ஃபோர்க்குக்குள் 25-க்கு மேல் நுழையாது. நுழைந்தாலும் பனி அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. அவர் விற்க முயலவேயில்லை. மறுசுழற்சிக் கடையில் ஒரு பழைய இரும்பு சைக்கிள் வாங்கிக்கொள் என்றார்.

வாங்கினேன். 35 மில்லிமீட்டர் ஆணி டயர், முதலில் ஒன்றுதான், அதன் விலை அப்படி. ஒன்று என்றால் முன்னால்தான் போட வேண்டும். பின்சக்கரம் சறுக்கினால் இடுப்பை ஆட்டிச் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் சமாளிக்க ஆளே இருக்க மாட்டோம். பனி இல்லாத தாரில் அந்த டயர் போடும் சத்தம், சட்டியில் கடுகு பொரிகிற மாதிரியே இருக்கும். இருட்டில், யாருமில்லாத பாதையில், கடுகு பொரித்துக்கொண்டே வேலைக்குப் போவேன். ரோடு பைக் மே மாதம் வரை சுவரில் தொங்கியது. ரோடு பைக்கில் பனியில் போகலாமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், காய்ந்து இறுகிய பனியில் போகலாம், மற்றபடி போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஜம்பத்துக்காக எலும்பைக் கொடுக்க வேண்டாம்.

வண்டி உறைவது தனிக்கதை. ஒருநாள் சாயந்திரம் மிதிக்கிறேன், பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. அன்பாக அதை அலுவலகத்துக்குள் கொண்டுபோய் வைத்திருந்தேன். உள்ளே சூட்டில் பனி உருகி ஈரம் பின்சக்கர ஹப்புக்குள் போய், வெளியே வந்ததும் உறைந்து, பல்லைப் பிடிக்கும் குட்டிக் கொக்கிகளை மடக்கி வைத்துவிட்டது. குளிரில் வாட வேண்டாமே என்று உள்ளே வைத்ததுதான் பிழை. அங்கே சைக்கிளை வெளியிலேயே விட வேண்டும். மனிதர்களுக்கு நேர்மாறு. மனிதனுக்கு மைனஸ் 10 டிகிரியில் 30 கி.மீ. வேகக் காற்று முகத்தில் அடித்தால் மைனஸ் 20 போல உறைக்கும். அதற்கு எத்தனையோ விலையில் எத்தனையோ சாமான் விற்கிறார்கள். நான் கடைசிவரை ஹெல்மெட்டுக்குள் போட்டது ஏற்காடு படகுத்துறைப் பக்கம் அம்மா பேரம் பேசி வாங்கிய மங்கி குல்லா. அதற்கு நிகராக ஒன்றை நான் பார்க்கவில்லை.

சரி, அடிவாரத்துக்கு வருகிறேன். டீயைக் குடித்துவிட்டு ஏறினோம். ஏற்றத்தைப்பற்றி எழுத எனக்கு எப்போதும் ஒன்றும் இருப்பதில்லை. ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம், இருபது வளைவு, மூச்சு, குரங்கு. பாதிக்கு மேல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டோம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு டிகிரி போலக் குறையும். கீழே இருபது என்றால் மேலே பதின்மூன்று, பதினான்கு. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் நெஞ்சு நடுங்கும். அதனால் கடையில் பழைய தினத்தந்தி இரண்டு தாள் கேட்டு வாங்கி, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டிச் செருகிக்கொள்ளச் சொன்னேன். ஆல்ப்ஸ் மலையில் பந்தயக்காரர்கள் இறங்குவதற்கு முன் காலங்காலமாகச் செய்ததுதான் இது. அக்கா மகன் நம்பவில்லை, ஆனாலும் சினிமாப் பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி செருகிக்கொண்டான்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். இங்கே ஐஸ் இல்லை, ஆனால் ஐஸின் பங்காளிகள் எல்லாரும் இருக்கிறார்கள். பாறையிலிருந்து கசிந்து ரோட்டைக் குறுக்கே கடக்கும் ஊற்றுத் தண்ணீர், அதன் ஓரத்தில் பாசி. ஏறும் பஸ் வளைவில் சிந்திய டீசல். அப்புறம் சில்வர் ஓக் இலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியை நட்டார். காபிக்கு நிழல் வேண்டும், நிழலுக்குச் சில்வர் ஓக் வந்தது, சில்வர் ஓக் இலை உதிர்ந்து, நனைந்து, என் முன்சக்கரத்துக்கு அடியில் வந்து சேர்ந்தது. இரண்டு நூற்றாண்டு தள்ளி ஒரு கலெக்டர் என்னை வழுக்கிவிடப் பார்க்கிறார்.

வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தை முடித்துக்கொள், வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே, ரிம் ஈரமாக இருந்தால் பிரேக் கட்டை ஒரு சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தேன். பையன் நன்றாகத்தான் இறங்கினான். ஒரு வளைவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம், அந்தக் குளிரிலும் சுட்டது. அதற்கு இரண்டு வளைவு கீழே, மூடுபனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பஸ்ஸின் ஹாரன். அவன் சாய்ந்திருந்தான். கீழே பச்சையாக ஒரு ஈரத்தடம். கை போய்விட்டது.

வேகம் குறைவு, பஸ்ஸும் அதன் பக்கத்திலேயே போய்விட்டது. முழங்காலில் சிராய்ப்பு, ஹேண்டில் டேப் கிழிசல். தினத்தந்தி பாதி வெளியே வந்து தொங்கியது. எழுந்து உட்கார்ந்து, "மாமா, நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றான்.

"பண்ணினே மாப்ளே. பிரேக் புடிச்சே."

"லேசாத்தான்."

"நானும் லேசாத்தான் புடிச்சேன்."

அவனுக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழங்காலைக் கழுவிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ஆணி டயரை மாட்டிட்டு வந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்ல?" என்று கேட்டான். ஐஸில்தான் ஆணி குத்தி நிற்கும், ஈரத் தாரில் அது உலோகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி, இன்னும் மோசம் என்றேன். அந்த டயர் இப்போது எங்கள் வீட்டு மாடியில், பெருச்சாளி தோண்டாமல் இருக்க, கறிவேப்பிலைத் தொட்டிக்குள் மண்ணோடு கிடக்கிறது. ஏர்போர்ட்டில் அரைமணி நேரம் விளக்கம் சொல்லிக் கொண்டுவந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேரனின் முழங்காலைப் பார்த்ததும் உள்ளே போய் மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்து வந்தார்.

"பனியில போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"பனி இல்ல அம்மாச்சி, பாசி. மாமா சொன்னாரு."

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. காதுல பஞ்சு வெச்சியா?"